இருளுக்கென்று செதுக்கிய கல்

பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலம் நிறைந்த படிகச் சிமிழைக் கொண்டுவந்து இயேசுவின் தலைமேல் ஊற்றினாள் என்று நற்செய்தியில் படிக்கின்றோம். தமது அடக்கத்தை முன்னிட்டே அவள் அதைச் செய்தாள் என்று அவரே விளக்கமும் தந்தார். 'படிகம்' என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிய இடத்தில் கிரேக்க மூலத்தில் நிற்பது அலபாஸ்டர் என்னும் கல்லின் பெயர். பால் போன்ற வெண்மையும், ஒளியைத் தன்னுள்ளே வாங்கிக்கொள்ளும் இயல்பும் உடைய அக்கல்லைப் பண்டைய எகிப்தியர் கோயிலுக்கும் கல்லறைக்கும் விரும்பிப் பயன்படுத்தினர். அக்கல்லைக் குடைந்து, ஒரு மனிதர் நீட்டிப் படுக்கும் அளவில் செய்த ஈமப்பேழை ஒன்று இன்று இலண்டன் மாநகரில் ஒரு வீட்டின் நிலவறையில் இருக்கின்றது. அது அங்கே வந்து சேர்ந்த வழியையும், அந்த வழி நம் முன் வைக்கும் ஒரு கேள்வியையும் சிறிது எண்ணிப் பார்க்க விழைகின்றோம். அதை நாம் நேரில் கண்டதில்லை. படங்களில் கண்டிருக்கின்றோம், கண்டவர்கள் எழுதியவற்றைப் படித்திருக்கின்றோம். நேரில் காண வேண்டும் என்னும் ஆசை நமக்கும் உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுவது நல்லது. ஏனெனில் இங்கே விசாரணைக்கு வரப்போவது அந்த ஆசையே.

பேழைக்கு உரியவர் எகிப்தின் 19ஆம் அரச மரபைச் சேர்ந்த முதலாம் சேத்தி. கி.மு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவர். புகழ்பெற்ற இரண்டாம் ராம்சேசின் தந்தை. பேழை 9 அடி 5 அங்குல நீளமும் 3 அடி 7 அங்குல அகலமும் உடையது. அத்துணைப் பெரிய கல்லைக் குடைந்த கைகள் சுவரின் கனத்தை 2 அங்குல அளவிற்குக் குறைத்திருக்கின்றன. உள்ளே ஒரு விளக்கை வைத்தால் கல் முழுவதும் ஒளிரும். உள்ளும் புறமும் ஓரிடம் விடாமல் நூற்றுக்கணக்கான சிற்றுருவங்கள். அவற்றுள் பெரும்பாலானவை நம் விரல் அளவுகூட இல்லாதவை. செதுக்கிய பள்ளங்களில் எல்லாம் நீல நிறக் கலவையை இட்டு நிரப்பியிருந்தனர். வெண்கல்லில் நீல எழுத்து எப்படி விளங்கியிருக்கும் என்பதை இன்று கற்பனையால்தான் அறிய முடியும். இலண்டனின் ஈரக்காற்றில் நீலம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது, வெண்மையும் மங்கித் தேன் நிறமாகிவிட்டது.

அவ்வுருவங்கள் வெறும் அணிவேலை அன்று. 'வாயில்களின் நூல்' என்று அறிஞர்கள் பெயரிட்டிருக்கும் ஒரு நூல் ஏறத்தாழ முழுமையாக அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. மாலையில் மறைந்த கதிரவன் இரவின் பன்னிரண்டு மணி நேரமும் கீழுலகின் வழியே படகில் செல்வதை அது கூறுகின்றது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு வாயில். ஒவ்வொரு வாயிலிலும் காவலாக ஒரு பாம்பு. கதிரவன் நுழையும்போது அப்பகுதியில் உறங்கும் இறந்தோர் விழிக்கின்றனர், ஒளி பெறுகின்றனர், உணவு பெறுகின்றனர். ஒரு மணி நேரம் சென்றதும் படகு அடுத்த வாயிலைக் கடக்கின்றது, கதவு மூடிக்கொள்கின்றது. அந்த ஓசை கேட்டதும் பின்னே விடப்பட்டவர்கள் ஓலமிட்டு அழுகின்றனர். மறுவாழ்வைக் குறித்து எத்தனையோ சமயங்கள் எத்தனையோ விதமாகப் பேசியிருக்கின்றன; ஆயினும் இறந்தோரின் தனிமையை இவ்வளவு எளிய ஒரு காட்சியில் சொன்ன நூல் வேறு உண்டா என்று நமக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் அதில் உண்டு. ஐந்தாம் மணியில் எகிப்தியர், ஆசியர், நூபியர், லிபியர் என அந்நாளைய எகிப்தியர் அறிந்த மனித இனங்கள் நான்கும் வரிசையாக நிற்கின்றன. போரில் தாம் வென்று மிதித்ததாகக் கோயிற் சுவர்களில் பெருமை பேசிக்கொண்ட பகைவர்களுக்கும், கல்லறைச் சுவரில் மறுவாழ்வில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கின்றனர்.

இவ்வளவு நுணுக்கமும் யார் காண்பதற்காக? இதுதான் நம்மை முதலில் நிறுத்திய கேள்வி. நைல் ஆற்றின் மேற்குக் கரையில், லக்சோர் நகருக்கு எதிரே, அரசர்களின் பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்து அமைத்த அக்கல்லறை அப்பள்ளத்தாக்கிலேயே மிக நீளமானவற்றுள்ளும் ஆழமானவற்றுள்ளும் ஒன்று என்பர். அரசரை உள்ளே கிடத்தி, வாயிலை அடைத்து, அதன்மேல் மண்ணையும் கல்லையும் தள்ளி மூடிவிட்டால், பின்பு மனிதக் கண் அதைக் காணக்கூடாது என்பதே ஏற்பாடு. அரசர் கல்லறைகளில் உழைத்த தொழிலாளருக்கு விளக்குத் திரிகளை எண்ணிக் கொடுத்த கணக்குகள் கல்துண்டுகளில் எழுதப்பட்டு இன்றும் கிடைக்கின்றன. அந்த எண்ணிய வெளிச்சத்தில் பள்ளத்தாக்கின் சுவர்கள் தீட்டப்பட்டன. வேலை முடிந்ததும் விளக்கு அணைந்தது. கலை என்றால் காண்பவர் ஒருவர் வேண்டும் என்று நாம் இயல்பாகவே எண்ணிக்கொள்கின்றோம். அவர்களோ படுத்திருப்பவர் ஒருவரையும், கடவுளரையும் தவிர வேறெவரையும் எண்ணாமல் செதுக்கினர்.

அந்த இருள் நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும் உடனே சொல்ல வேண்டும். கள்வர்கள் புகுந்தனர். சேத்தியின் உடலிலிருந்து தலை துண்டாகிப் போனது. சில நூற்றாண்டுகளில் பூசாரிகள் அரச உடல்களைக் கல்லறைகளிலிருந்து எடுத்து, மீண்டும் துணி சுற்றி, வேறிடங்களில் ஒளித்து வைத்தனர். சேத்தியைப் படிகப் பேழையில் விட்டுவைக்கவில்லை. மரப்பெட்டியில் கிடத்தி, எந்த ஆட்சியாண்டில் எங்கிருந்து எங்கே கொண்டு செல்லப்பட்டார் என்பதை அப்பெட்டியின்மேல் மையால் எழுதி வைத்தனர். இதைப் படித்தபோது நம் உள்ளம் நெகிழ்ந்தது. ஆனால் அதே பூசாரிகள் அரச உடல்களோடு இருந்த பொன்னை அரசின் செலவுக்குக் கழற்றிக்கொண்டனர் என்று இன்றைய ஆய்வாளர்கள் கூறுகின்றனர். சேத்தியின் மரப்பெட்டிமேல் இருந்த பொன்தகடும் அகற்றப்பட்டே இருந்தது. ஆகவே பக்தியும் ஆதாயமும் ஒரே கையில் இருக்கக்கூடும் என்பது ஐரோப்பியர் வருவதற்கு ஈராயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே நடந்து முடிந்த செய்தி. தூய கைகள், கறை படிந்த கைகள் என்று இக்கதையை இரண்டாகப் பிரித்துவிட இயலாது.

1817ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெறுமையாகக் கிடந்த அப்பேழையைக் கண்டவர் ஜொவான்னி பெல்சோனி. புனித அந்தோனியாரின் பதுவை நகரில் 1778இல் பிறந்தவர். உரோமையில் துறவியாகும் எண்ணத்தோடு இருந்தபோது பிரெஞ்சுப் படை நகருக்குள் நுழைந்ததால் தம் வாழ்க்கை திசைமாறியது என்று அவரே எழுதியிருக்கின்றார். ஆறரை அடி உயரம். இங்கிலாந்தின் அரங்குகளில் ஆள்கள் பலரைத் தோள்மேல் சுமந்து காட்டிப் பிழைத்தார். நீர் இறைக்கும் எந்திரம் ஒன்றை எகிப்தின் ஆளுநர் முகமது அலியிடம் விற்க 1815இல் அங்கே சென்றார், அது கைகூடவில்லை. அதன்பின் இங்கிலாந்தின் தலைமைத் தூதர் ஹென்றி சால்ட்டுக்காகப் பழம்பொருள் சேகரிக்கத் தொடங்கினார். பெல்சோனி நேர்மையாக எழுதியவர். தமக்கு இழிவு தருவதையும் மறைக்கவில்லை. குர்னா என்னும் ஊரின் குகைகளில் அடுக்கடுக்காகக் கிடந்த உடல்களினிடையே தவழ்ந்து சென்றதையும், களைப்பாற ஓர் உடலின்மேல் அமர்ந்தபோது அது நொறுங்கித் தம்மை உள்வாங்கியதையும், அவற்றிடையே இருந்த பாப்பிரஸ் சுருள்களை எடுப்பதே தம் நோக்கம் என்பதையும் ஒளிவின்றிச் சொல்கின்றார். அங்கே நொறுங்கியவர்கள் அரசர்கள் அல்லர். பேழை செய்துகொள்ள வசதி இல்லாதவர்கள். கல்லில் தம் விருப்பத்தைப் பொறித்து வைக்கவும் இயலாதவர்கள். சேத்தியின் கதையைக் கேட்டு வருந்துகிறவர்கள், ஒரு பேரரசருக்காக மட்டும் வருந்துகின்றோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

கல்லறை திறந்த செய்தி பரவியதும் கேனா நகரிலிருந்து துருக்கிய அதிகாரி ஒருவர் குதிரைவீரர்கள் சூழ விரைந்து வந்தார். வைரமும் முத்தும் நிறைந்த பொற்சேவல் ஒன்று உள்ளே அகப்பட்டதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அப்படி ஒன்றும் இல்லை என்று அறிந்ததும் அவருக்குப் பெருத்த ஏமாற்றம். சுவர்களில் இருந்த ஓவியங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்விடம் அந்தப்புரத்திற்கு ஏற்றது, பெண்களுக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது இருக்கும் என்றாராம். ஐரோப்பிய வாசகர்கள் இதைப் படித்துச் சிரித்தனர். நாம் சிரிக்குமுன் சற்றுத் தயங்குகின்றோம். அவர் சொன்னதற்கும் அருங்காட்சியகம் என்னும் எண்ணத்திற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு?

பேழையை வெளியே கொண்டுவந்து, நைல் வழியே கடலுக்கு அனுப்பினர். இதற்கிடையே அது எவருக்குச் சொந்தம் என்பதில் சால்ட்டுக்கும் பெல்சோனிக்கும் பிணக்கு எழுந்தது. 1818இல் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர்: 2000 பவுனுக்கு மேல் விலை போனால் மிகுதியில் பாதி பெல்சோனிக்கு. 1821இல் பேழை இங்கிலாந்தை அடைந்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தார் அந்த விலை கொடுக்க மறுத்துவிட்டனர். 1824இல் கட்டடக் கலைஞர் ஜான் சோன் சரியாக 2000 பவுன் கொடுத்து அதை வாங்கினார். மிகுதி என்று ஒன்றும் இல்லாமையால் பெல்சோனியின் பங்கு சூனியமாயிற்று. அவரோ அதற்கு முன்பே, 1823 டிசம்பரில், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் பகுதியில் நோயுற்று இறந்துபோயிருந்தார். உரிமை யாருக்கு என்ற வழக்கில் தூதர் இருந்தார், தேடியவர் இருந்தார், வாங்குபவர் இருந்தார். பேழைக்குள் படுத்திருந்தவரை ஒரு கட்சிக்காரராக எவரும் எண்ணவில்லை.

சோன் கொத்தனாரின் மகனாகப் பிறந்து, இங்கிலாந்து வங்கியின் கட்டடத்தை வடிவமைக்கும் அளவிற்கு உயர்ந்தவர். 1815இல் மனைவியை இழந்தவர்; மகனோடு மனவருத்தம் கொண்டவர். லிங்கன்ஸ் இன் பீல்ட்ஸ் என்னும் சதுக்கத்தில் இருந்த தம் வீட்டைப் பழங்கலைப் பொருள்களால் நிரப்பி வந்தார். பேழையை உள்ளே இறக்குவதற்கு வீட்டின் பின்சுவரையே இடிக்க வேண்டியிருந்தது. 1825 மார்ச் மாதத்தில் மூன்று இரவுகள் விருந்து வைத்தார். 890 பேர் வந்தனர். கவிஞர் கோல்ரிட்ஜ் வந்தார். ஓவியர் டர்னர் வந்தார். வீடு முழுவதும் மங்கலாக விளக்குகள் ஏற்றி, நிலவறையில் பேழையை ஒளிரச் செய்தனர். சூழ நின்றவர்கள் வியந்தனர். அவ்வியப்பை நாம் குறைத்துப் பேச மாட்டோம். அங்கே நின்றிருந்தால் நாமும் வியந்திருப்போம். ஆயினும் கல்லில் எழுதியிருந்ததைப் படிக்கக்கூடியவர் அந்த 890 பேரில் எவரும் இல்லை. எகிப்திய எழுத்தின் மறையை ஷாம்பொலியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1822இல்தான் அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். பேழைக்கு உரியவரின் பெயரைப் பெல்சோனி 'சம்மிஸ்' என்று வேறோர் அரசரின் பெயராகப் பிழைபடக் கொண்டிருந்தார். பெயர் தெரியாத ஒருவரின் படுக்கையைச் சூழ்ந்து நின்று இலண்டன் மூன்று இரவுகள் கண்டு களித்தது.

எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் வந்தபோது நிலைமை மாறியிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஷாம்பொலியோன் 1829இல் சேத்தியின் கல்லறைக்குள் சென்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எவராலும் படிக்க இயலாதிருந்த சுவர்களைப் படித்தார். அரசரும் ஹத்தோர் தேவியும் எதிரெதிரே நிற்கும் அழகிய புடைப்புச் சிற்பம் ஒன்றை அங்கிருந்து அறுத்தெடுத்துப் பாரீசுக்கு அனுப்பினார். அதற்கு இணையான மற்றொன்றை அவருடன் வந்த இத்தாலியர் ரொசெல்லினி புளோரன்சுக்கு எடுத்துச் சென்றார். அறியாமையே மனிதரைக் கொள்ளையிடச் செய்கின்றது, அறிவு வந்தால் மதிப்பும் வரும் என்பது கல்வியைப் பற்றி நாம் எல்லாரும் வைத்திருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு இந்நிகழ்ச்சி ஒத்துழைக்க மறுக்கின்றது. சேத்தியின் பெயரை உரக்கச் சொல்லக் கற்ற முதல் மனிதர்களுள் ஒருவரே அவர் கல்லறைச் சுவரையும் அறுத்தார்.

உடலின் கதை தனியே சென்றது. அப்துல் ரசூல் என்னும் உள்ளூர்க் குடும்பத்தார் பூசாரிகளின் மறைவிடத்தைக் கண்டுபிடித்து, சில ஆண்டுகளாக அதிலிருந்து பொருள்களை விற்றுவந்தனர். 1881 ஜூலையில் அரசின் பழம்பொருள் துறை அதை அறிந்து, உடல்களை எல்லாம் நீராவிப் படகில் ஏற்றிக் கெய்ரோவுக்குக் கொண்டு சென்றது. படகு சென்றபோது கரையோரச் சிற்றூர்களின் பெண்கள் தலைவிரி கோலமாய் ஒப்பாரி வைத்து உடன் ஓடினர் என்றும், ஆண்கள் சாவுச் சடங்கில் செய்வதுபோல் துப்பாக்கி வெடித்தனர் என்றும் மாஸ்பெரோ என்னும் அறிஞர் எழுதியிருக்கின்றார். அம்மக்கள் இசுலாமியரும் கிறித்தவரும் ஆவர். படகில் இருந்தவர்களின் கடவுளரை அவர்கள் வணங்கியதில்லை. பெயரும் அறிந்திருக்க மாட்டார்கள். இலண்டன் விருந்தினரும் பெயர் அறியாதவர்களே. ஆனால் அங்கே ஒரு காட்சி இருந்தது. இங்கே ஒரு சாவு இருந்தது.

எடுத்துச் சென்றவர்கள் சார்பில் சொல்லக்கூடியவற்றையும் நேர்மையாக எடை போட வேண்டும். முறையான அனுமதி இருந்தது என்பர். உண்மைதான், ஆனால் அனுமதி தந்த முகமது அலிக்கு அக்கற்கள் ஐரோப்பியத் தூதர்களை மகிழ்விக்கும் பரிசுப் பொருள்கள். அவரே 1835இல் பழம்பொருள்களை வெளியேற்றத் தடை விதித்தார் என்பதையும் உடன் நினைவுகூர வேண்டும். அங்கேயே இருந்திருந்தால் அழிந்திருக்கும், நாங்கள் காப்பாற்றினோம் என்பது அடுத்த வாதம். கல்லறை திறந்த சிறிது காலத்தில் பெருமழை நீர் உள்ளே பாய்ந்து சுவர்கள் பழுதுற்றதைப் பெல்சோனியே வருத்தத்தோடு பதிவு செய்திருக்கின்றார். திறந்தமையால்தானே நீர் புகுந்தது? மூவாயிரம் ஆண்டுகள் உதிராத நீலம் இலண்டனில்தானே உதிர்ந்தது? இவ்வாதங்கள் நமக்கு வலுவாகத் தோன்றவில்லை. மூன்றாவது வாதமே நம்மைத் தயங்க வைக்கின்றது: அவர்கள் அதை நேசித்தனர். பெல்சோனி நேசித்தார், சோன் நேசித்தார். அவர்கள் நேசித்ததனால்தான் நமக்கும் அது தெரியவந்தது. 'வாயில்களின் நூல்' நமக்குக் கிடைத்தது. பகைவருக்கும் மறுமையில் இடம் கொடுத்த பெருந்தன்மையை நாம் அறிந்துகொண்டோம். மூடியே இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஒரு தவறின் கனியை உண்டுகொண்டே அத்தவறைப் பேசுகின்றோம்.

இறந்தவர்களுக்கு நாம் எதற்காகக் கடமைப்பட்டிருக்க வேண்டும்? அவர்களுக்கு வலிக்காது, நன்றியும் சொல்ல மாட்டார்கள். இறந்தோரின் நலம் அவர்களுக்குப் பின் நிகழ்பவற்றால் பாதிக்கப்படுமா என்று அரிஸ்டாட்டிலே கேட்டு, தெளிவான விடை சொல்லத் தயங்கினார். சேத்தியின் நிலை இன்னும் கடினமானது. அவர் வணங்கிய கடவுளரை வணங்குவோர் இல்லை. அவருக்காகப் படையலிடுவோர் இல்லை. ஒருவரின் நம்பிக்கை உலகிலிருந்து மறைந்துவிட்டால், அந்த நம்பிக்கையில் அவர் கேட்டுக்கொண்டதும் தள்ளுபடி ஆகிவிடுமா? ஆம் என்று சொல்வது எளிது. ஆனால் நம் கல்லறைத் தோட்டங்களில் சிலுவை நட்டு உறங்குகிறவர்களை எண்ணிப் பார்க்கின்றோம். மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அச்சிலுவையின் பொருளை அறியாத ஒருவர் மண்வெட்டியோடு வந்தால், அவர்மீது நமக்கு ஓர் உரிமை உண்டு என்று சொல்வோமா, மாட்டோமா? உண்டு என்றால் அது நம் நம்பிக்கை மெய்யானது என்பதைப் பொறுத்ததாக இருக்க முடியாது. அவர் அதை ஏற்கப்போவதில்லை. நம்மை மண்ணில் விட்டவர்களை நம்பி நாம் கண் மூடினோம் என்பதே நமக்கிருக்கும் ஒரே பிடிமானம். சேத்திக்கும் அவ்வளவே.

எகிப்தில் இறந்து, எகிப்திய முறைப்படி உடல் பதம் செய்யப்பட்டு, பேழையில் வைக்கப்பட்ட ஒருவரை விவிலிய வாசகர்கள் அறிவார்கள். யோசேப்பு தம் எலும்புகளை அங்கிருந்து எடுத்துச் செல்லுமாறு இஸ்ரயேலரிடம் ஆணை வாங்கினார். ஓடி ஒளியும் அவசரத்திலும் மோசே அதை மறக்கவில்லை. பாலைவனம் முழுவதும் சுமந்து சென்று செக்கேமில் அடக்கம் செய்தனர். நம் வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. அலெக்சாந்திரியாவில் இருந்த புனித மாற்குவின் உடலை 828ஆம் ஆண்டில் வெனிஸ் வணிகர் இருவர் பன்றி இறைச்சியின் அடியில் மறைத்து, சுங்க அதிகாரிகளை ஏமாற்றிக் கொண்டு சென்றனர் என்பது மரபு. அவர் பெயரால் எழுந்த பேராலயத்திலேயே அத்திருட்டை வண்ணக் கற்களால் படமாகப் பதித்துக் கொண்டாடினர். பெல்சோனி பிறந்த பதுவையிலிருந்து வெனிஸ் மிக அருகில். 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அத்திருப்பண்டத்தின் ஒரு பகுதியைக் கோப்து திருச்சபையின் தலைவர் ஆறாம் கிரில்லோசுக்குத் திருப்பி அளித்தார். கெய்ரோவில் அதைப் பெருந்திரளான மக்கள் வரவேற்றனர். எனவே பிறர் கைகளைச் சுட்டிக்காட்டும்போது நம் கைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சோனிடம் திரும்புவோம். 1833இல் அவர் பாராளுமன்றத்தில் ஒரு தனிச் சட்டம் நிறைவேறச் செய்தார். தம் இறப்புக்குப்பின் வீடும் அதிலுள்ள பொருள்களும், தாம் விட்டுச் சென்ற நிலையிலேயே இயன்றவரை காக்கப்பட வேண்டும். மக்கள் கட்டணமின்றி வந்து காண வேண்டும் என்பது அதன் சாரம். 1837இல் அவர் இறந்தார். அன்றுமுதல் இன்றுவரை அந்த விருப்பம் போற்றிக் காக்கப்படுகின்றது. இலண்டனின் புனித பங்கிராஸ் கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்கென்று அவரே வடிவமைத்த கல்லறையில் அவரும் உறங்குகின்றார். அதையும் எவரும் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. ஓர் இறந்த மனிதரின் சொல்லுக்கு அந்நாடு காட்டும் மதிப்பை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் அச்சொல் காத்து நிற்கும் பொருள்களின் நடுவே இருப்பது எது? தன்னை இருந்த இடத்திலேயே விட்டுவிடுமாறு கேட்டுக்கொண்ட மற்றோர் இறந்த மனிதரின் பேழை. இரண்டும் உயில்கள். ஒன்று தாளில் எழுதியது, மற்றது கல்லில் வெட்டியது. எதற்கு நாம் கட்டுப்படுகின்றோம் என்பதை உண்மையோ நீதியோ முடிவு செய்யவில்லை. யாருடைய மொழியை நம்மால் படிக்க முடிந்தது, யாருடைய பிள்ளைகள் நமக்கு அண்டை வீட்டார் என்பதே முடிவு செய்திருக்கின்றது.

அப்படியானால் என்ன செய்வது? கல்லறை லக்சோரில், உடல் கெய்ரோவில், பேழை இலண்டனில், சுவர்த் துண்டுகள் பாரீசிலும் புளோரன்சிலும். எல்லாவற்றையும் பழையபடி சேர்த்து மூடிவிடுவது இனி நடவாத காரியம். படிகள் எடுக்கும் கலை இன்று வெகுவாக வளர்ந்துவிட்டது. பெல்சோனியே 1821இல் இலண்டன் பிக்கடில்லியில் கல்லறை அறைகளின் மாதிரியை அமைத்துக் காட்டினார். முதல் நாளிலேயே ஏறத்தாழ 1900 பேர் காசு கொடுத்துப் பார்த்தனர். 2017இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பேழையின் நுட்பமான படியொன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. கண்ணுக்கு வேண்டியது கல்லின் அழகுதான் என்றால், இலண்டன் வீட்டிற்கு அத்தகைய படி போதுமானதாக இருக்க வேண்டும். போதாது என்பவர்கள், தாம் வேண்டுவது அழகைத் தவிர வேறொன்று என்பதை ஒப்புக்கொள்கின்றனர். மூலப்பேழை உடல் இருக்கும் நகரத்திற்குப் போக வேண்டும் என்பதே நம் கருத்து. எகிப்திய அரசின் உரிமையை முன்னிட்டு மட்டும் இதைச் சொல்லவில்லை. அது அந்த உடலுக்காகச் செய்யப்பட்டது.

இதிலும் நமக்கு முழு நிறைவு இல்லை. அங்கே சென்றாலும் அது காட்சிப் பொருளாகவே இருக்கும். சேத்தியின் முகமே காட்சிப் பொருளாகத்தானே இருக்கின்றது! அரசர்களின் உடல்களைக் கண்டு களிப்பது தகாது என்று அதிபர் அன்வர் சதாத் 1980 வாக்கில் அந்த அறையை மூடச் செய்தார். 1994இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2021 ஏப்ரல் 3ஆம் நாள் 22 அரச உடல்கள் இசை முழங்க, விளக்கொளியில், தெருக்கள் வழியே புதிய அருங்காட்சியகத்திற்கு ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டன. உலகெங்கும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தனர். நாமும் பார்த்தோம். சேத்தியின் வண்டி வந்தபோது எழுந்து நிற்கத் தோன்றியது. நின்றோமா என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

இலண்டன் பேழைக்கு 1866இல் கண்ணாடி உறை போட்டனர். அதன் மூடி பழங்காலத்திலேயே உடைந்துபோனது; துண்டுகள் சிலவற்றைப் பெல்சோனி கல்லறை வாயிலின் அருகே மண்ணில் கண்டெடுத்தார், அவையும் அந்த வீட்டிலேயே உள்ளன. பேழையின் உள்ளே, தளத்தில், வானதேவி நூத்தின் உருவம் நின்ற கோலத்தில் பெரிதாகச் செதுக்கப்பட்டுள்ளது. மன்னரைக் கிடத்தியபின் அவரது முதுகு மறைத்துவிடும் இடம் அது. எனினும் அவளுடைய கூந்தலின் இழைகளைக்கூடத் தனித்தனியே வெட்டியிருக்கின்றனர்.